நாலு மாத செமஸ்டரும் ஆறு வருட ஆராய்ச்சியும்

"நாலு மாசத்துல என்னப்பா ஆராய்ச்சி பண்ண முடியும்?"

பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தும் நண்பர் ஒருவர் போன மாதம் கேட்டது இது. அவர் கல்லூரியில் ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஒவ்வொரு ஆசிரியரும் பல துறை மாணவர்கள் கலந்த ஒரு குழுவை எடுத்துக்கொண்டு, இளநிலை மாணவர்களை ஆராய்ச்சியில் ஈடுபடுத்த வேண்டுமாம். எப்படி, எத்தனை நாள், யார் கணக்கில் என்றெல்லாம் சுற்றறிக்கையில் இல்லை. அவருக்குப் பதில் சொல்வதற்காகப் படிக்க ஆரம்பித்தேன். குறிப்புகள் நீண்டு இந்தக் கட்டுரையாகிவிட்டன.

முதலில் அவர் கேள்வியில் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாலு மாதத்தில் ஆராய்ச்சி பண்ண முடியாது. மூன்றாம் வருட மாணவர் ஒருவருக்கு ஆய்வகத்தில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது, இதுவரை என்ன செய்திருக்கிறார்கள், எந்தக் கட்டுரைகளைப் படிக்க வேண்டும் என்று புரிவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். ஆசிரியர் பக்கம் இருந்து பார்த்தால் இது சுத்த நஷ்டம். சொல்லிக்கொடுத்த நேரம் போனதுதான் மிச்சம். மாணவர் உருப்படியாக ஏதாவது செய்யத் தயாராகும் நாளில் தேர்வு எழுதிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்.

நம்ம ஊரில் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு எல்லோருக்கும் தெரிந்ததுதான். இறுதியாண்டு ப்ராஜெக்ட். மூணு நாலு பேர் சேர்ந்து ஒரு பேட்ச். ஒரு 'பேஸ் பேப்பர்' எடுப்பார்கள். முதல் ரிவ்யூ, இரண்டாம் ரிவ்யூ, வைவா. கெட்டி அட்டை போட்டு, தங்க எழுத்து அச்சடித்த ரிப்போர்ட். அதற்கென்றே ஊருக்கு ஊர் ப்ராஜெக்ட் சென்டர்கள். பணம் கட்டினால் கோடு, ரிப்போர்ட், வைவாவில் கேட்கக்கூடிய கேள்விகள் எல்லாம் ஒரே பொட்டலமாகக் கிடைக்கும். மாணவர்கள் சோம்பேறிகள் என்று இதற்குக் காரணம் சொல்வது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாலு மாதத்தில் முடிக்க முடியாத ஒன்றை நாலு மாதத்தில் முடித்துக் காட்டச் சொன்னால், ஏற்கெனவே முடிந்த ஒன்றை வாங்கி வருவதுதான் அறிவுள்ளவன் செய்கிற காரியம்!

ஆக, கேள்வியை இப்படி மாற்றிக் கேட்க வேண்டும்: மாணவருக்கு இருக்கும் நேரமும் ஆராய்ச்சிக்குத் தேவைப்படும் நேரமும் ஒத்துப்போகவே போகாது என்ற நிலையில், இரண்டையும் எப்படிக் கோப்பது? அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஐம்பது வருடத்துக்கும் மேலாக இதோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. அவர்கள் முயன்ற வழிகளை வரிசையாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் இந்தக் கேள்விக்கு ஒரு பதிலாகத் தெரிகிறது.

முதல் வழி, ஒரு மாணவர், ஒரு பேராசிரியர். 1957ல் எட்வின் லேண்ட், போலராய்டு கேமராவைக் கண்டுபிடித்தவர், எம்ஐடியில் ஓர் உரை ஆற்றினார். கல்லூரிக்குள் நுழையும் மாணவருக்கு ஆரம்பத்திலேயே அவருக்கென்று ஒரு ஆராய்ச்சி வேலை இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். பன்னிரண்டு வருடம் கழித்து, 1969ல், மார்கரெட் மெக்விகார் என்ற இளம் இயற்பியலாளர் அதே எம்ஐடியில் அதற்கு உருவம் கொடுத்தார். யூராப் என்று அதற்குப் பெயர். மாணவர் ஒரு ஆய்வகத்தில் சேரலாம். கிரெடிட் வாங்கிக்கொள்ளலாம், அல்லது சம்பளம் வாங்கிக்கொள்ளலாம். இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. உலகம் முழுக்க அதைப் பார்த்து நகலெடுத்த திட்டங்கள் ஏராளம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இது பேராசிரியரின் பொறுமையையும், ஆய்வகத்தில் இருக்கும் ஆராய்ச்சி மாணவர்களின் எண்ணிக்கையையும் நம்பி நிற்பது. எம்ஐடியில் ஒரு இளநிலை மாணவரைக் கூட உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க பிஎச்டி மாணவர் ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். நம்ம ஊரில் வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

இரண்டாவது வழி, மாணவர்களை ஒரு குழுவாகச் சேர்த்து முழுப் படிப்புக் காலத்தையும் கொடுத்துவிடுவது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜெம்ஸ்டோன் என்ற திட்டம் 1996ல் ஆரம்பமானது. அப்போது பொறியியல் புலத்தின் தலைவராக இருந்த வில்லியம் டெஸ்ட்லரின் யோசனை. பொறியியல், உயிரியல், வணிகம், சமூக அறிவியல் என்று எந்தத் துறை மாணவரும் சேரலாம். முதல் வருடம் என்ன ஆராயலாம் என்று பேசித் தீர்க்கிறார்கள். பிறகு குழு அமைகிறது, ஒரு பேராசிரியர் வழிகாட்டியாக வருகிறார். நாலாம் வருடம் முழுக் குழுவும் சேர்ந்து ஒரே ஆய்வேட்டை எழுதி, அந்தத் துறை வல்லுநர்கள் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு ஒன்று. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நூலகர் உண்டு! புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் என்ற அளவில் இல்லை. இந்தத் தலைப்பில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள், எங்கே தேட வேண்டும் என்று குழுவோடு உட்கார்ந்து வேலை செய்பவர். பல துறை ஆட்கள் ஒரே மேசையில் உட்காரும்போது முதலில் இடிப்பது இதுதான். ஒரு துறைக்காரருக்குத் தேடத் தெரிந்த இடம் இன்னொருவருக்குக் கேள்விப்படாத இடம். நம் கல்லூரி நூலகர்கள் பலர் முறையாக நூலகவியல் படித்தவர்கள். அவர்களை வருகைப் பதிவேட்டுக்கும் அபராத வசூலுக்கும் உட்கார வைத்திருக்கிறோம்.

ஆனால் ஜெம்ஸ்டோனிலும் குழுவில் எல்லோரும் ஒரே வயது, ஒன்றாகவே தொடங்கி ஒன்றாகவே முடிக்கிறார்கள். அவர்கள் போன பிறகு ஆய்வேடு இருக்கும். குழு இருக்காது.

மூன்றாவது வழிதான் என் நண்பருக்குப் பதில் என்று நினைக்கிறேன். இண்டியானாவில் இருக்கும் பர்டூ பல்கலைக்கழகத்தில் லியா ஜேமிசன், எட்வர்ட் காய்ல் என்ற இரண்டு மின்பொறியியல் பேராசிரியர்கள் 1995ல் எபிக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். உள்ளூர் தொண்டு அமைப்புகளுக்கு என்ன கருவி, என்ன மென்பொருள் தேவையோ அதை மாணவர் குழுக்கள் செய்து கொடுக்கும். முதல் வருட மாணவர் முதல் நாலாம் வருட மாணவர் வரை ஒரே குழுவில். அந்த அனுபவத்தில் இருந்து 2001ல் காய்ல் ஆராய்ச்சிக்கென்று ஒரு வடிவம் கொண்டுவந்தார். அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் விஐபி. (நம்ம ஊர் விஐபி இல்லைங்க.) 'மேலிருந்து கீழ்வரை இணைத்த திட்டங்கள்' என்று தமிழில் சொல்லலாம். அவர் ஜார்ஜியா டெக் போனபோது திட்டமும் அங்கே வேர்விட்டது. பிறகு வேறு நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. ஸ்காட்லாந்தில் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகம் அதில் ஒன்று.

இதில் செய்த மாற்றம் கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். குழு பேராசிரியருடையது. அவருடைய நீண்ட கால ஆராய்ச்சியின் ஒரு பகுதிதான் குழுவின் வேலை. மாணவர்கள் அதற்குள் வருவார்கள், போவார்கள். இரண்டாம் வருடத்தில் சேரும் ஒருவர் ஒரு செமஸ்டருக்கு ஒன்றோ இரண்டோ கிரெடிட் என்று பல செமஸ்டர்கள் அதே குழுவில் இருக்கலாம். சேரும்போது கற்றுக்கொள்பவர், ஒரு வருடம் கழித்துச் செய்பவர், போகும் முன் சொல்லிக்கொடுப்பவர். எல்லோரும் ஒரே மே மாதத்தில் வெளியேறுவதில்லை. அதனால் குழு வருடக்கணக்கில் ஓடுகிறது.

ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்த்தேன். இது என் கணக்கு, எந்த ஆய்விலும் இருந்து எடுத்ததில்லை. 12 பேர் உள்ள குழு. ஒருவர் வாரத்துக்கு 5 மணி நேரம் கொடுக்கிறார். செமஸ்டருக்கு 15 வாரம். அப்படியானால் ஒரு செமஸ்டருக்கு 900 மணி. ஆறு வருடத்தில், அதாவது 12 செமஸ்டரில், 10,800 மணி. முழுநேரமாக வாரத்துக்கு 40 மணி வேலை செய்யும் ஒருவருக்கு இது ஐந்து வருடத்துக்கும் மேற்பட்ட உழைப்பு. கிட்டத்தட்ட ஒரு பிஎச்டி. ஆனால் ஒவ்வொரு செமஸ்டரிலும் புது பேட்ச் வந்து முதலில் இருந்து ஆரம்பித்தால் அந்த 10,800 மணி கிடைக்காது. முதல் 900 மணியைப் பன்னிரண்டு தடவை செய்திருப்பீர்கள். அவ்வளவுதான். நம் கல்லூரிகளில் ப்ராஜெக்ட் என்ற பெயரில் செலவாகும் உழைப்பு கொஞ்சமல்ல. சேர்வதில்லை என்பதுதான் பிரச்சினை.

பேராசிரியருக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ஆரம்ப கால விஐபி குழுக்களில் ஒன்று கால்பந்து மைதானத்தைப் பற்றியது. அமெரிக்கக் கால்பந்து பார்க்கப் பல்லாயிரம் பேர் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் கருவிக்கு ஆட்டத்தின் புள்ளிவிவரமும் வீடியோவும் கம்பியில்லா இணைப்பு வழியாகக் கொண்டு சேர்க்க வேண்டும். இத்தனை பேர் ஒரே நேரத்தில் கேட்டால் வலைப்பின்னல் என்ன ஆகும் என்பது அந்தத் துறையில் நிஜமான ஆராய்ச்சிக் கேள்வி. ஆய்வகத்துக்குள் உட்கார்ந்து செய்து பார்க்க முடியாது. மாணவர்களுக்கு அது ஒரு ஜாலியான வேலை. பேராசிரியருக்கோ வேறு எங்கும் கிடைக்காத சோதனைக்கூடம். இரண்டு பேருக்கும் ஒரே வேலையில் ஆதாயம் இருந்தால்தான் இது நிற்கும். 'மாணவர் நலனுக்காக' என்று ஆசிரியரின் தியாகத்தை நம்பித் தொடங்கும் திட்டம் அந்த ஆசிரியர் மாறிப்போகும் வரைதான் உயிரோடு இருக்கும்.

சரி, பல துறை என்பது எங்கே வருகிறது? இதற்கு உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டாம். நம்ம மாணவர் செயற்கைக்கோள்களே போதும்.

ஐஐடி பம்பாயில் 2007ல் மாணவர்கள் 'பிரதம்' என்ற செயற்கைக்கோளைத் தொடங்கினார்கள். சுமார் 10 கிலோ எடை. வளிமண்டலத்தின் மேலே அயனி மண்டலத்தில் எலக்ட்ரான்கள் எவ்வளவு இருக்கின்றன என்று கணக்கிடுவது நோக்கம். அது விண்ணுக்குப் போனது 2016 செப்டம்பர் 26ல், பிஎஸ்எல்வி சி35 ராக்கெட்டில். ஒன்பது வருடம்! பி.டெக் படிப்பு நாலு வருடம். தொடங்கியவர்கள் பட்டம் வாங்கி, வேலைக்கோ மேற்படிப்புக்கோ போய், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் போன பிறகுதான் அது ஏவப்பட்டது. ஏவிய அன்று கல்லூரியில் இருந்த மாணவர்களில் பலர், திட்டம் தொடங்கியபோது நடுநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

இப்படி ஒரு பொருளைச் செய்ய வெவ்வேறு துறை ஆட்களை யாரும் கூப்பிட்டுச் சேர்க்கத் தேவையில்லை. அந்தப் பொருளே கேட்கும். தகவல் தொடர்பு பார்க்கும் மின்னணுவியல் மாணவர் சிக்னல் இன்னும் பலமாக வேண்டும் என்பார். அதற்கு மின்சாரம் கூட வேண்டும். மின்சாரம் கூடினால் பேட்டரி பெரிதாகும், சூடும் ஏறும். பேட்டரி பெரிதானால் எடை கூடும், இயந்திரவியல் மாணவர் கட்டமைப்பை மறுபடி கணக்குப் போட வேண்டும். எடை இடம் மாறினால் கோள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று கட்டுப்படுத்துபவரின் கணக்கு உதைக்கும். ஆக, 'என் வேலை முடிந்தது' என்று யாரும் ஒதுங்க முடியாது. அடுத்தவர் பாஷையைக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

சுற்றறிக்கை வழியாக வரும் பல துறைக் குழுக்களில் இது நடப்பதில்லை. ஒரு கணினித் துறை மாணவர், ஒரு சிவில் மாணவர், ஒரு எம்பிஏ மாணவர் என்று ஆளுக்கொரு துறையில் இருந்து பிடித்துப் போடுவார்கள். எம்பிஏ மாணவர் கடைசி அத்தியாயத்தில் 'சந்தை வாய்ப்பு' எழுதுவார். மற்ற நேரம் ஒப்புக்குச் சப்பாணி. கேள்வி ஒரே துறையுடையதாக இருக்கும்போது குழு மட்டும் பல துறையாக இருந்து என்ன பயன்? எந்தத் துறையில் இருந்து ஆள் எடுப்பது என்பதை ஆராய்ச்சிக் கேள்வி முடிவு செய்ய வேண்டும். கேள்விக்கு மூன்று துறை போதும் என்றால் மூன்று போதும்.

பிரதம் தனி உதாரணம் இல்லை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ அனுசாட் 2009 ஏப்ரல் 20ல் போனது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதல் செயற்கைக்கோள் அது. 2010 ஜூலை 12ல் ஒரு கிலோவுக்கும் குறைவான ஸ்டட்சாட். பெங்களூரு, ஹைதராபாத் பக்கம் இருக்கும் ஏழு பொறியியல் கல்லூரிகளின் இளநிலை மாணவர்கள் சேர்ந்து செய்தது. பெரிய பெயருள்ள நிறுவனங்களால் மட்டும்தான் முடியும் என்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இந்த ஏழு கல்லூரிகளைத்தான்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் குழுவில் அறிவு எங்கே தங்குகிறது?

பேராசிரியர் தலையில் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. அவருக்கு திசை தெரியும். ஆனால் அந்த சென்சாரை ஏன் மாற்றினோம், அந்த நிரலில் 300வது வரியில் ஏன் ஒரு விசித்திரமான எண் இருக்கிறது என்பதெல்லாம் செய்த மாணவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் போய்விட்டால் அதுவும் போய்விடும். விஐபி திட்டம் இதைச் சமாளிக்கும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே குறிப்பேட்டுக்கு மதிப்பெண் உண்டு. ஒப்புக்குக் கொஞ்சம் இல்லை, கணிசமாகவே. எழுதி வைத்தது ஒரு பங்கு, செய்த வேலை ஒரு பங்கு, குழுவோடு நடந்துகொண்ட விதம் ஒரு பங்கு என்று பார்க்கிறார்கள். கூட வேலை செய்தவர்கள் தரும் மதிப்பீடும் அதில் சேரும். வாராவாரம் என்ன செய்தேன், எது ஓடவில்லை, அடுத்து என்ன என்று எழுதியாக வேண்டும்.

'எது ஓடவில்லை' என்பதைக் கவனியுங்கள். நம்ம ஊர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஓடாதது எதுவும் இருக்காது. எல்லாம் வெற்றி. ஆகவே அடுத்த பேட்சுக்கு அதில் இருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. 'இந்தப் பசை ஈரத்தில் விட்டுப்போகிறது', 'இந்த முறையில் மூன்று வாரம் முயன்றோம், சத்தம் அதிகம்' என்ற இரண்டு வரிதான் பின்னால் வருபவருக்கு மூன்று வாரத்தை மிச்சப்படுத்தும். அதை எழுதினால் மார்க் குறையும் என்ற பயம் இருக்கும் இடத்தில் யார் எழுதுவார்கள்?

எம்ஐடியில் 2003ல் ஒரு சிறு பாடமாகத் தொடங்கி, அடுத்த வருடம் ஐந்து அணிகளோடு போட்டியாக மாறிய ஐஜெம் இதை இன்னொரு விதமாகச் செய்கிறது. செயற்கை உயிரியலில் இளநிலை மாணவர் அணிகள் போட்டியிடும் களம் அது. அணிகள் ஒவ்வொரு வருடமும் புதிதாகத்தான் உருவாகின்றன. ஆனால் அணிகள் உருவாக்கிய மரபணுத் துண்டுகள் ஒரு பொதுப் பதிவகத்தில் சேர்ந்துகொண்டே வந்தன. அடுத்த வருட அணி, வேறு நாட்டு அணியாக இருந்தாலும், அதை எடுத்து மேலே கட்டலாம். குழு கலைந்தாலும் கிடங்கு இருக்கிறது.

இந்தியாவில் இப்போது இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. 2022 டிசம்பரில் யுஜிசி வெளியிட்ட நான்கு வருட இளநிலைப் படிப்புக்கான சட்டகத்தில், முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதமும் அதற்கு மேலும் வாங்கியவர்கள் நாலாம் வருடத்தில் ஆராய்ச்சி செய்து 'ஆராய்ச்சியோடு கூடிய ஹானர்ஸ்' பட்டம் வாங்கலாம் என்று இருக்கிறது. ஒரு ஆசிரியரின் வழிகாட்டலில் ஒரு ஆய்வேடு. நல்ல நோக்கம்தான். ஆனால் மேலே பார்த்த இரண்டு சிக்கலும் அப்படியே உள்ளே வந்திருக்கின்றன. ஆராய்ச்சி கடைசி வருடத்தில் தொடங்குகிறது. அதுவும் தேர்வில் மார்க் வாங்கியவர்களுக்கு. மூன்று வருடம் புத்தகத்தில் இருந்ததை எழுதத் தெரிந்தவரும், பதில் இல்லாத கேள்வியோடு ஆறு மாதம் உட்காரத் தெரிந்தவரும் ஒரே ஆள் என்று எப்படி முடிவு செய்தார்களோ தெரியவில்லை. செயற்கைக்கோள் குழுக்களில் சாலிடரிங் நன்றாகச் செய்யும் 65 சதவீதக்காரர் இல்லாமல் ஒன்றும் நகராது.

என் நண்பரைப் போன்ற நிலையில் இருக்கும் ஆசிரியர்கள் இதைப் படித்தால், சுற்றறிக்கை எப்படி இருந்தாலும் அதற்குள்ளேயே செய்யக்கூடியது சில உண்டு. உங்களுக்கே அஞ்சாறு வருடம் ஆர்வம் வற்றாத ஒரு கேள்வியை எடுங்கள். ஊர் ஏரியின் நீர்த்தரமாக இருக்கலாம், பேருந்து நிறுத்தத்து வெயிலாக இருக்கலாம். ஏரி என்றால் வேதியியலும் சிவிலும் மின்னணுவியலும் தானாகவே வந்துவிடும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'ஓடாதவை' என்று ஒரு அத்தியாயத்தைக் கட்டாயமாக்குங்கள். அதற்கு மார்க் கொடுங்கள். வைவாவுக்கு அடுத்த வருட பேட்சை உட்கார வைத்து, கேள்வியை அவர்களைக் கேட்க விடுங்கள். நாளைக்கு அதை வைத்து வேலை செய்யப் போகிறவர் கேட்கும் கேள்விக்கு ப்ராஜெக்ட் சென்டரில் பதில் விற்க மாட்டார்கள்.

ஆள் எடுக்கும்போது மட்டும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் என்றால் இரண்டாம் வருடத்தில் இருந்து மூன்று பேர், மூன்றாம் வருடத்தில் இருந்து இரண்டு பேர், இறுதியாண்டில் இருந்து ஒருவர். ஆறு பேரும் இறுதியாண்டு என்றால், மே மாதம் உங்கள் கையில் ஒரு அட்டை போட்ட ரிப்போர்ட்டும் யாருக்கும் கடவுச்சொல் தெரியாத ஒரு கணினியும்தான் இருக்கும்.